காலையில் பார்த்துக்கொள்ளலாம்

இனிப்பு நீர் நோயாளி ஒருவரேனும் இல்லாத தமிழ்க் குடும்பத்தை இந்நாட்டில் காண்பது அரிது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகக் கூறியது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது 15.6 விழுக்காடாகக் குறைந்தது. ஆனாலும், இந்தியரிடையே இந்நோய் மற்ற இனத்தவரைக் காட்டிலும் அதிகமாகவே உள்ளது.

பல ஆண்டுகள் வீட்டில் தங்கிவிட்ட நோய் உறவினரைப்போல் ஆகிவிடுகிறது. அதன்மீது இருந்த பயம் போய்விடுகிறது. கால் மரத்தால் சர்க்கரை, தலை சுற்றினால் சர்க்கரை, களைப்பு வந்தால் சர்க்கரை. எதற்கும் ஒரு காரணம் கைவசம் இருப்பதால், புதிதாக ஒன்று வந்தாலும் பழைய கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். அதில் இருக்கும் ஆபத்தை என் தந்தையின் மூலம் அறிந்தேன்.

அப்பா லாரி ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினாறு ஆண்டுகளாக இனிப்பு நீர் நோயாளி. எங்கள் வீடு பேராக்கில், சித்தியவானுக்கு அருகில் இருக்கிறது. பருவ விடுமுறையில் நான் வீட்டிலிருந்தபோது, ஓரிரவு பதினொரு மணியளவில் அவர் கூடத்து நாற்காலியில் வந்து அமர்ந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. மேல்வயிறு அடைப்பதுபோல் இருப்பதாகவும் தாடை வலிப்பதாகவும் சொன்னார். நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்றார்.

அம்மா இஞ்சித் தண்ணீரும் கோடாரித் தைலமும் கொண்டு வந்தார். “வாயுதான் பாப்பா. காலையில பார்த்துக்கலாம். ராத்திரி நேரத்துல யாரையும் தொந்தரவு பண்ண வேணாம்,” என்றார் அப்பா.

வியர்த்துக் கொட்டினால் சர்க்கரை இறங்கியிருக்கும் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எனவே கருவியை எடுத்து விரலில் குத்திப் பார்த்தேன். 8.1 என்று காட்டியது. 4க்குக் கீழே போனால்தான் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள். அம்மா நிம்மதிப் பெருமூச்சு விட்டார். எனக்கோ அந்த எண்தான் அச்சத்தைத் தந்தது.

“அப்பா, உங்கள விட எனக்கு ஒண்ணும் தெரியாதுதான். ஆனா சர்க்கரை இறங்கலியே, பின்ன ஏன் இப்படி வேர்க்குது?” என்றேன்.

அவரிடம் பதில் இல்லை. நான் 999ஐ அழைத்தேன். வாசலில் கார் இருந்தும் அதை எடுக்கவில்லை. பாதி வழியில் மயங்கி விழுந்தால் காரில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆம்புலன்சில் அதற்கான ஆளும் கருவியும் உண்டு.

மருத்துவமனையில் எடுத்த இ.சி.ஜி. மாரடைப்பு என்பதை உறுதி செய்தது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றினார்கள். அந்த மருந்தை 12 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். சீக்கிரம் கொடுக்கக் கொடுக்க இதயத் தசை பிழைக்கும். நீண்டகால இனிப்பு நீர் நரம்புகளைப் பாதிப்பதால், மாரடைப்பு வந்தாலும் சிலருக்கு நெஞ்சு வலிப்பதில்லை. மூச்சுத் திணறல், வியர்வை, குமட்டல், திடீர்க் களைப்பு என்றே அது தலைகாட்டலாம். இதை மருத்துவர் விளக்கினார்.

அப்பா வீடு திரும்பிய பிறகு நான் நெடுநேரம் யோசித்தேன். அன்று அவருக்குப் பிடிவாதமா? இல்லை. எங்களைச் சிரமப்படுத்தக் கூடாது என்ற எண்ணம். வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்காகத் தன் வலியைப் பொறுத்துக்கொண்டவர், மாரடைப்பையும் அப்படியே பொறுத்துக்கொள்ளப் பார்த்தார். பெரியவர் வேண்டாம் என்னும்போது மீறிச் செயல்பட நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் துணிவு வரும்? ஆகவே, அந்த முடிவை இரவு பதினொரு மணிக்கு எடுக்காமல், எல்லாரும் நலமாக இருக்கும் ஒரு பகல் பொழுதிலேயே எடுத்துவிடுவது நல்லது.

அடுத்த முறை மருத்துவரைப் பார்த்தபோது சந்தேகங்களைக் கேட்டுக்கொண்டு, ஒரு தாளில் மூன்று பகுதிகள் எழுதினோம். முதலாவது, உடனே 999. நெஞ்சிலோ தாடையிலோ மேல்வயிற்றிலோ அழுத்தம், காரணமற்ற வியர்வை, மூச்சுத் திணறல், முகம் ஒரு பக்கம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல், மயக்கம். பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் தரப்படுவதால், அறிகுறி தொடங்கிய நேரத்தையும் குறித்து வைக்க வேண்டும்.

இரண்டாவது, அன்றே மருத்துவரிடம். காலில் புண் சிவந்து வீங்குதல். காய்ச்சல் வந்து சர்க்கரை இறங்காமல் ஏறிக்கொண்டே போதல். இத்துடன் ஓயாத வாந்தியோ அரைமயக்கமோ வேகமான மூச்சோ சேர்ந்தால் அது முதற்பகுதிக்குப் போய்விடும்.

மூன்றாவது, வீட்டிலேயே கவனிப்பது. சர்க்கரை 4க்குக் கீழே இறங்கியும் நினைவு தெளிவாக இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதிப்பது. நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

தாளின் அடியில் மருந்துகளின் பெயரும் அளவும் இருக்கின்றன. அவற்றுக்கும் கீழே, “முதல் பகுதியில் உள்ளது எது வந்தாலும் என்னைக் கேட்க வேண்டாம்” என்று அப்பா தம் கைப்பட எழுதியிருக்கிறார். நலமாக இருக்கும் அப்பா, நோயுறும் அப்பாவுக்குப் பிறப்பித்த கட்டளை அது. இனி 999ஐ அழைக்கும் பிள்ளை அவர் சொல்லை மீறவில்லை, நிறைவேற்றுகிறது.

தோழர்களே, நம்மில் பலர் வீட்டை விட்டுத் தொலைவில் தங்கிப் படிக்கிறோம். மேற்சொன்ன இரவு வரும்போது நாம் அருகில் இல்லாமல் போகலாம். அந்தத் தாள் இருக்கும். இந்த விடுமுறையில் பெற்றோருடன் அமர்ந்து அதை எழுதுங்கள். அரை மணி நேரம் போதும்.