சார்ந்திருப்பவன்

அட்டை ஒன்று என் கைக்கு வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சிறிய அட்டை. என் படம் இருந்தது. என் பெயர் இருந்தது. அட்டையின் பெயரைப் படித்தேன். "சார்ந்திருப்போர் அனுமதி அட்டை!" யாரைச் சார்ந்து? என் மனைவியைச் சார்ந்து!

சிரிக்க வேண்டிய செய்திதான். சிரித்தும் காட்டினேன். ஆனால் உள்ளே ஏதோ சுருக்கென்று தைத்தது. தைத்தது எது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ஐந்து திங்கள் பிடித்தது. அந்த ஐந்து திங்கட் கதையை, ஒளிவு மறைவின்றி, உங்கள் முன் வைக்கிறேன்.

தஞ்சைத் தரணியிலே ஒரு சிற்றூர் என் ஊர். வரலாற்றில் இளங்கலைப் பட்டம், அடுத்துக் கல்வியியல், பிறகு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியப் பணி. கல்லூரி நாட்களில் பட்டிமன்றம் என்றால் எனக்குப் பாலும் பழமும். 'பெண் விடுதலை' என்று தலைப்புத் தந்துவிட்டால் போதும். அடிமைத்தளை என்பேன், ஆணாதிக்கம் என்பேன், அடுப்பங்கரைச் சிறை என்பேன்! கைதட்டல் கூரையைப் பிளக்கும். வெற்றிக் களிப்போடு வீடு திரும்புவேன். உண்பேன், உண்ட தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுவேன். அதை எடுத்துக் கழுவி வைப்பவர் என் அம்மா. மேடைக்கும் அடுப்பங்கரைக்கும் இடையே இருந்த தொலைவு எனக்கு அப்போது தெரியவில்லை.

எங்கள் திருமணம் சடங்குகள் ஏதுமின்றி, மாலை மாற்றி, உறுதிமொழி கூறி நடந்தது. 1967-இல் சென்னைச் சட்டமன்றம் நிறைவேற்றி, 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் அத்தகைய மணத்தைச் செல்லுபடியாக்கியது அல்லவா? அந்தச் சட்டத்தின் அருமை, அயல்நாட்டுக்கு விண்ணப்பம் போட்டபோதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் முதலில் கேட்ட தாள் மணப்பதிவுச் சான்று!

என் துணைவி மின்னணுப் பொறியாளர். மணமாகி ஓராண்டு கழிந்தபோது, சிங்கப்பூரில், உட்லண்ட்ஸ் பகுதியிலுள்ள சில்லு ஆலை ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. "வேலை கிடைத்துவிட்டது, நீங்களும் வருவீர்களா?" என்று கேட்டாள். 'போகட்டுமா' என்று கேட்கவில்லை, கவனியுங்கள். வருவேன் என்றேன். பெருந்தன்மையோடு சொல்லிவிட்டதாக எனக்கு எண்ணம்!

அந்நாட்டு விதி தெளிவானது. வேலை அனுமதி பெற்ற அயல்நாட்டார் தம் துணையை உடன் அழைத்துவர வேண்டுமானால், திங்கள்தோறும் 6,000 வெள்ளிக்குக் குறையாத நிலையான ஊதியம் பெறவேண்டும். அவள் பெற்றாள். வந்த துணை வேலை பார்க்கலாமா? முன்பு, வேலை தருபவர் ஓர் இசைவுக் கடிதம் பெற்றால் போதும் என்றிருந்தது. 2021 மே முதல் அது மாறிற்று. ஊழியம் பார்க்க விரும்பும் துணை, தனக்கென்று தனி வேலை அனுமதி பெறவேண்டும். அதற்கு வேலை தருபவரே விண்ணப்பிக்க வேண்டும். பத்து இடங்களுக்கு எழுதினேன். மூன்று இடங்களிலிருந்து பதில் வந்தது. பணிவான பதில், இல்லை என்ற பதில்.

அடுக்குமாடி வீடொன்றின் ஒன்பதாம் தளத்தில் ஓர் அறை பிடித்தோம். அறை தருவோம், ஆனால் சமைக்கக் கூடாது என்று பலர் கூறினர். மலாய் மூதாட்டி ஒருவர் மட்டும், "சமையுங்கள், பன்றி இறைச்சி மட்டும் வேண்டாம்" என்று இடம் கொடுத்தார். அங்கே கதிரவன் எழ ஏழு மணி ஆகும். ஆறேகாலுக்கே, இருள் பிரியுமுன், என் துணைவி ஆலைக்குப் புறப்பட்டுவிடுவாள். கதவு சாத்தப்படும். நான் இருப்பேன், சுவர் இருக்கும்.

சோறு வடிக்கக் கற்றேன். துணி துவைத்தேன். அடுக்களைப் பலகணிக்கு வெளியே நீட்டும் மூங்கிற் கழியில் அவள் சேலையைக் கோத்துக் காயவைத்த முதல் நாள், எதிர் மாடியில் எவரேனும் பார்க்கிறாரா என்று பார்த்தேன். பார்த்தவர் ஒரு சீன முதியவர். அவர் கையிலும் ஒரு கழி. கழி நிறையப் பேரப்பிள்ளைகளின் பள்ளி உடை! என்னைக் கண்டு தலையசைத்தார். அவருக்கு அது வேலை. எனக்குத்தான் அது வெட்கம்!

உணவங்காடிக்குச் சென்றால் அங்கும் ஒரு பாடம். 2021 செப்டம்பர் முதல், உண்டவரே தட்டை எடுத்து உரிய இடத்தில் வைக்கவேண்டும் என்பது அங்கே கட்டாயம். மேலாளர் எடுத்தார், மேசன் எடுத்தார், கிழவர் எடுத்தார். நானும் எடுத்தேன். எடுக்கும்போது அம்மாவின் நினைவு வந்தது. இருபத்தைந்து ஆண்டுகளாக என் தட்டை எடுத்தவர்! தண்டத்துக்கு அஞ்சி ஒரு நாட்டில் செய்வதை, அன்புக்காக ஒரு வீட்டில் ஏன் செய்யவில்லை நான்?

இத்தனையும் கண்டேன், கருதினேன். ஆயினும் திருந்தினேனா? இல்லை! மூன்றாம் திங்களில் ஒரு பொய் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, தேக்கா சந்தையில் கீரை வாங்கும்போது, எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், "தம்பிக்கு எங்கே வேலை?" என்று கேட்டார். "பள்ளிக்கூடத்தில்" என்றேன். அந்தச் செய்தி கடல் கடந்து ஊருக்குப் போயிற்று. அப்பா தொலைபேசியில் மகிழ்ந்தார். "அங்கேயும் வாத்தியார் வேலையாமே, சந்தோசம் தம்பி!" மறுக்கவில்லை. "ஆமாம்பா" என்றேன்.

அறை வாயிலில் நின்றிருந்தாள் என் துணைவி. கேட்டுவிட்டாள். அன்றிரவு நான் ஆக்கிய சோற்றைப் பேசாமல் உண்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"உங்களிடம் ஒன்று கேட்கலாமா?" என்றாள். "உங்கள் அம்மா, உங்கள் அப்பாவைச் சார்ந்து வாழ்ந்தார். அதற்காக நீங்கள் என்றைக்காவது தலைகுனிந்தது உண்டா?"

"இல்லை."

"அது இயல்பு என்றிருந்தீர்கள். என் உழைப்பில் நீங்கள் உண்பது மட்டும் ஏன் மறைக்க வேண்டிய குற்றம் ஆயிற்று? பெண் சார்ந்திருந்தால் குடும்பம். ஆண் சார்ந்திருந்தால் அவமானமா? மணமேடையில் நாம் படித்த உறுதிமொழியில் அப்படி ஒரு வரி இருந்ததாக எனக்கு நினைவில்லை."

பட்டிமன்றங்களில் எத்தனையோ பேரை மடக்கியவன் நான். அன்று மறுமொழி இல்லை. அவள் சினந்திருந்தால் தாங்கியிருப்பேன், அவள் சினக்கவில்லை. களைத்திருந்தாள். ஆலையில் உழைத்த களைப்பு அன்று அது. என் பொய்யைச் சுமந்த களைப்பு!

அதன் பின்னும் இரண்டு திங்கள் தயங்கினேன். கோழை என்று சொல்லுங்கள், ஏற்கிறேன். ஒரு நாள், அங்கே இரவு எட்டரை, ஊரில் மாலை ஆறு, அப்பாவை அழைத்தேன். வேலை இல்லை என்றேன். பொய் சொன்னேன் என்றேன். வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாகிட்ட குடுக்குறேன்" என்றார்.

அம்மா கேட்ட முதற் கேள்வி, "உப்பு சரியாப் போடுறியா தம்பி?" என்பது. சிரித்தேன், கண் கலங்கிற்று. அட்டையைப் பற்றிச் சொன்னேன். 'சார்ந்திருப்பவன்' என்று எழுதியிருக்கிறது அம்மா, அதுதான் வலித்தது என்றேன்.

அம்மா சற்று எண்ணிப் பார்த்தார். "உனக்கு அட்டையாவது குடுத்தாங்க தம்பி. எனக்கு அதுவும் குடுக்கல. சும்மாவே இருந்துட்டேன்" என்றார்.

சும்மாவே! நாற்று நட்ட கை, மாடு கறந்த கை, நான்கு பிள்ளைகளை வளர்த்த கை. அது 'சும்மா' இருந்ததாம்! தோழர்களே, நான் படித்த வரலாற்று நூல்கள் அனைத்தையும் அந்த ஒரு சொல் நாணச் செய்துவிட்டது. அயல்நாட்டுச் சட்டம் ஓர் அட்டையில் அச்சிட்டுத் தந்ததை, நம் வீடுகள் அட்டையின்றியே கோடிக்கணக்கான பெண்களின் நெற்றியில் எழுதி வைத்திருக்கின்றன. எனக்குக் காலாவதி நாள் உண்டு. அம்மாவுக்கு?

இப்போது எட்டுத் திங்கள் ஆகிறது. இன்னும் விண்ணப்பம் எழுதுகிறேன். வேலை வேண்டும், வகுப்பறை வேண்டும் என்ற ஆசை குறையவில்லை. தன் காலில் நிற்க விரும்புவது மனித இயல்பு. அந்த இயல்பு ஆணுக்கு மட்டும் வாய்த்தது என்று எண்ணியதுதான் பிழை. வேலை கிடைத்த பிறகும் சோறு வடிக்கும் முறை மாறாது; ஒரு நாள் அவள், ஒரு நாள் நான் என்று பேசி முடித்திருக்கிறோம்.

சென்ற வாரம் தேக்கா சந்தையில் அதே ஊர்க்காரரைக் கண்டேன். "பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது?" என்றார்.

"பள்ளிக்கூடம் இல்லை ஐயா. என் மனைவி வேலைக்குப் போகிறாள். வீட்டு வேலை என்னுடையது" என்றேன்.

அவர் திகைத்தார். நான் திகைக்கவில்லை. கீரையைப் பார்த்து வாங்கினேன். முளைக்கீரை, அவளுக்குப் பிடிக்கும்.