மாமா கட்டிய ஏரியல்

லக்சபான மின்நிலையம் 1950இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. எங்கள் மலைத் தண்ணீரில் பிறந்த மின்சாரம் லயத்துக் கூரைகளைத் தாண்டிக் கொழும்புக்குப் போனது. கீழே நாங்கள் குப்பி லாம்பில் படித்தோம். அந்த உயரத்துக் கம்பி அலுமினியம் என்று சொல்லித் தந்தவர் மாமா. செம்பு அதைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம். கோபுரத்துக்குப் பாரம், செலவும் கூட.

எங்களிடம் இருந்த செம்பு, சாமி மாடத்துச் சொம்பும் ரேடியோ ஏரியலும்தான். தேயிலை ஸ்டோரில் மோட்டர் எரிந்தால் பழைய சுருளைப் பிரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவார்கள். கழித்துப் போட்டதில் கொஞ்சம் மாமா கேட்டு வாங்கி வந்தார். இஸ்தோப்பிலிருந்து சவுக்கு மரம்வரை இழுத்துக் கட்டினார். மரத்தைக் கம்பி தொடக் கூடாது என்று நடுவே உடைந்த போத்தல் கழுத்தைக் கோத்தார்.

"நுனிய நல்லா சொரண்டு மருமகனே, செவப்பா மினுங்கணும். மேல பூச்சு இருக்கு, அது கரண்ட விடாது."

வெள்ளிக்கு அடுத்தபடி மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் செம்பு. ஆனாலும் மயிரிழைப் பூச்சு ஒன்று குறுக்கே நின்றால் போதும், பாட்டு வராது. ஆடிக் காற்று இரண்டு நாள் அடித்தால் கம்பி நீண்டு தொய்ந்துவிடும். இரும்பாக இருந்தால் அட்டன் ஈரத்துக்குத் துருப்பிடித்து இற்றிருக்கும். இது சுரண்டிய முடிச்சில் மட்டும் பச்சை பூத்து, உள்ளே உறுதியாகவே இருந்தது. அந்த உலோகத்தின் மேல் எனக்கு இன்றும் தனி மரியாதை உண்டு.

அந்தப் பள்ளத்தாக்கில் வானொலி இரைச்சலாகத்தான் வரும். ஏரியல் கட்டிய பிறகு 'பொங்கும் பூம்புனல்' தெளிந்தது. பிரட்டுக்குப் போகும் அவசரத்திலும் பெண்கள் எங்கள் வாசலில் ஒரு பாட்டுக்கு நிற்பார்கள். மரண அறிவித்தல் நேரத்தில் லயமே வாய் திறக்காது. எந்தத் தோட்டத்தில் யார் உறவு போனதோ.

1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி அத்தை குடும்பம் இந்தியா போய்க் கூடலூரில் இறங்கியது. முதல் கடிதத்தில் வீட்டைப் பற்றி, குளிரைப் பற்றி எழுதிவிட்டு, அங்கேயும் இலங்கை வானொலி கேட்கிறது என்று முடித்திருந்தார். வாசித்ததும் மாமா மரத்தில் ஏறி, கம்பியை இன்னும் மேலே தூக்கிக் கட்டினார். அவர்களுக்குக் கேட்கிற பாட்டு எதுவும் நமக்குத் தப்பக் கூடாதாம்.

லயத்துக்குக் கரண்ட் வந்தபோது மாமா இல்லை. கம்பியைப் பழைய சாமான்காரர் நிறுத்து எடுத்துப் போனார்.