வல்லூறுக்குக் கடவுச்சீட்டு உண்டு; கிளிக்கு?

அபுதாபிக்குச் சென்று திரும்பியவர் உங்கள் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார். அவரிடம் ஷேக் ஸாயித் பள்ளிவாசலைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். கடற்கரைச் சாலையின் அழகைப் பற்றியும் கேட்டிருப்பீர்கள். "அங்கே பறவைகளின் மருத்துவமனையைப் பார்த்தீர்களா?" என்று கேட்டிருக்க மாட்டீர்கள். மகளின் குடும்பத்தோடு இரண்டு மாதம் தங்கிவரச் சென்ற நானும் அப்படியொன்று இருப்பதை அறியாமலேயே புறப்பட்டவன்தான். என்னை அங்கே அழைத்துச் சென்றவள் பதினொரு வயதுப் பேத்தி. அவள் வேடிக்கை பார்க்க வரவில்லை. ஒரு கேள்வியோடு வந்தாள். அந்தக் கேள்வியைப் பின்னர் சொல்கிறேன். முதலில் என்னோடு உள்ளே வாருங்கள்.

விமான நிலையத்திற்கு அருகில், ஸுவைஹான் சாலையில், 1999ஆம் ஆண்டு திறக்கப்பட்டது அபுதாபி வல்லூறு மருத்துவமனை. முன்பதிவு செய்துகொண்டு வருவோருக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள். நம் ஊர் மருத்துவமனையில் நோயாளிகள் பெஞ்சில் வரிசையாகக் காத்திருப்பது போல், இங்கே பசும்புல் விரிப்புச் சுற்றிய நீண்ட கட்டைகளில் வல்லூறுகள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் கண்களை மறைக்கும் தோல் மூடி. அதற்கு அரபியில் 'புர்கா' என்றே பெயர். கண் மறைந்தால் பறவையின் அச்சம் தணிந்துவிடுகிறது. அந்தக் கூடத்தில் அத்தனை வேட்டைப் பறவைகள் இருந்தும் சத்தமே இல்லை.

மருத்துவர் ஒரு பறவையை மேசைக்குக் கொண்டுவந்து, மூக்கில் சிறு குழலை வைத்து மயக்க வாயுவைச் செலுத்தினார். சில நொடிகளில் அது துவண்டது. வளர்ந்த நகங்களைச் சீவி, அலகைத் தேய்த்துச் சீராக்கினார்கள். எனக்கு வியப்பளித்தது இறகு வைத்தியம். உதிர்ந்த இறகுகளை இனவாரியாகச் சேமித்து வைத்திருக்கிறார்கள். வேட்டையில் ஓர் இறகு முறிந்துவிட்டால், அதே அளவுள்ள இறகைத் தேர்ந்தெடுத்து, முறிந்த தண்டின் அடிப்பகுதியில் பொருத்தி ஒட்டிவிடுகிறார்கள். அடுத்த இறகு முளைக்கும்வரை பறவை அதைக் கொண்டே பறக்கிறது.

வல்லூறு வளர்ப்பு அரபு மக்களுக்கு வெறும் பொழுதுபோக்கன்று. எண்ணெய் வருமுன், பாலைவனத்தில் குளிர்காலத்து இறைச்சியைத் தேடித் தந்த தொழில் அது. 2010இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

வல்லூறின் பாஸ்போர்ட்

வேட்டைப் பருவம் வந்ததும் இப்பறவைகளோடு பாகிஸ்தானுக்கும் மொராக்கோவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் செல்வோர் உண்டு. விமானத்தில் பயணிகளோடு பயணிகளாக வல்லூறுகளும் அமர்ந்து செல்கின்றன. எல்லைகளைக் கடக்கும் இப்பறவைகளுக்காக 2002ஆம் ஆண்டு அமீரக அரசு ஓர் ஏற்பாடு செய்தது, வல்லூறுக்குக் கடவுச்சீட்டு! பறவையின் இனம், அதன் கால் வளையத்தின் எண், உரிமையாளரின் விவரம் எல்லாம் அதில் பதிவாகின்றன. மூன்றாண்டுகளுக்குச் செல்லுபடியாகும்.

இது விளையாட்டுக்காகச் செய்யப்பட்டதன்று. 1973இல் வாஷிங்டன் நகரில் உருவாகி 1975 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த சைட்டீஸ் என்னும் உலக உடன்படிக்கை, அருகி வரும் உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்துகிறது. இந்தியாவும் அமீரகமும் அதில் உறுப்பினர்கள். உயிரினங்களை அது மூன்று பட்டியல்களாகப் பிரிக்கிறது. மிகுந்த ஆபத்தில் இருப்பவை முதற்பட்டியலில். அரபியர் 'ஷாஹீன்' என்றழைக்கும் வல்லூறு அதில் இருக்கிறது. ஸேக்கர் வல்லூறு இரண்டாம் பட்டியலில். காட்டில் திருடிய பறவையை 'என் வீட்டுப் பறவை' என்று சொல்லி எவரும் எல்லை கடத்திவிடக்கூடாது என்பதற்கே இந்தச் சீட்டு.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பேத்தி, வழிகாட்டியிடம் தன் கேள்வியைக் கேட்டாள்: "எங்கள் கிளிக்கும் இந்தப் பாஸ்போர்ட் கிடைக்குமா? நாங்கள் ஊருக்கே போகிறோம்."

பேத்தியின் கிளி

என் மருமகன் பதினான்கு ஆண்டு உழைத்த வேலை முடிவுக்கு வந்திருந்தது. பள்ளி ஆண்டு முடிந்ததும் கூத்தாநல்லூர் திரும்புவதென்று முடிவாகியிருந்தது. அந்த வீட்டில் ஓர் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி வளர்ந்தது. உடல் முழுதும் சாம்பல், வால் மட்டும் செக்கச் சிவப்பு. காலையில் என் மகளின் குரலில் பேத்தியைப் பெயர் சொல்லி எழுப்பும். வாசல் மணியைப் போலவே ஒலித்து எங்களைக் கதவுக்கு ஓடவைக்கும். பேத்தி நடை பழகிய நாளிலிருந்து அவளோடு வளர்ந்த பறவை.

வழிகாட்டி பொறுமையாகச் சொன்னதையும், பிறகு நாங்கள் அலுவலகங்களில் விசாரித்து அறிந்ததையும் உங்களுக்குத் தொகுத்துச் சொல்கிறேன்.

வல்லூறின் சீட்டு, போய்த் திரும்புவதற்கானது. வளைகுடாவில் இருப்போருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: விடுமுறைக்கு ஊர் சென்று வருவது வேறு, விசாவை ரத்துச் செய்துகொண்டு ஒரேயடியாகக் கிளம்புவது வேறு. ஒரேயடியாகக் குடிபெயரும் பறவைக்குத் தனி அனுமதி வேண்டும்.

சாம்பல் கிளி 2016இல் ஜோஹன்னஸ்பர்க் மாநாட்டின் முடிவுப்படி முதற்பட்டியலுக்கு மாற்றப்பட்டது. 2017 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. காரணம் கேட்டால் மனம் கனக்கும். 1975க்குப் பின் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சாம்பல் கிளிகள் ஆப்பிரிக்கக் காடுகளிலிருந்து ஏற்றுமதியாயின. கானா நாட்டில் 1992க்குப் பிறகு நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலானவை மறைந்துவிட்டன. முதற்பட்டியலில் உள்ள உயிரைக் கொண்டுசெல்ல இரண்டு அனுமதிகள் வேண்டும். சென்று சேரும் நாடு முதலில் இறக்குமதி அனுமதி தரவேண்டும். அதைக் கண்ட பின்னரே புறப்படும் நாடு ஏற்றுமதி அனுமதி தரும். பண்ணையில் பிறந்த பறவை என்று மெய்ப்பித்தால் வழி சற்று இலகுவாகும்.

அதை மெய்ப்பிப்பது எப்படி? குஞ்சு பொரித்த சில நாள்களுக்குள், கால் மெலிந்திருக்கும்போதே, மூட்டில்லாத வளையத்தை மாட்டுவார்கள். கால் பருத்தபின் அதைக் கழற்றவும் முடியாது, வளர்ந்த பறவைக்குப் புதிதாக மாட்டவும் முடியாது. அந்த வளையமும், அதே எண் குறித்த விற்பனைச் சீட்டும்தான் பறவையின் பிறப்புச் சான்றிதழ்.

பேத்தியின் கிளிக்குக் காலில் வளையம் இல்லை. ஊர் திரும்பிய நண்பர் ஒருவர் விட்டுச்சென்றது அது. ரசீதும் இல்லை.

வெள்ளைக் கழிச்சலின் பாடம்

சான்று இருந்திருந்தாலும் நம் நாட்டுக்குள் கொண்டுவருவது எளிதன்று. குடிபெயர்ந்து வருவோர் செல்லப்பிராணி என்ற சலுகையில் கொண்டுவரக் கூடியவை நாயும் பூனையுமே. பறவைக்குத் தனியாக இறக்குமதி உரிமமும், கால்நடைத் துறையின் சுகாதார அனுமதியும் பெறவேண்டும். பறவைக் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து பறவைகள் வருவதற்குத் தடையும் விதிக்கப்படுகிறது. வந்து சேர்ந்த பின்னரும், 2022இல் திருத்தப்பட்ட வன உயிரினச் சட்டமும் 2024ஆம் ஆண்டின் விதிகளும் கூறுகின்றபடி, அதனைப் பதிவு செய்தாக வேண்டும்.

"ஒரு கிளிக்கு இத்தனை கெடுபிடியா?" என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால், நம் வீட்டுக் கொல்லையில் கோழி வளர்த்த தாய்மார்களைக் கேளுங்கள். மாலையில் கூட்டில் அடைத்த கோழிகள் காலையில் வெள்ளைக் கழிச்சலில் மாண்டு கிடந்த கதையைச் சொல்வார்கள். 'ராணிக்கெட்' என்று நம் நாட்டு ஊரின் பெயரால் வழங்கும் அந்நோய் பறவையோடு பறவையாக நாடு கடந்து பரவக்கூடியது. கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றி நுரையீரலைத் தாக்கும் காய்ச்சலும் உண்டு. 1929, 1930ஆம் ஆண்டுகளில் கூண்டுக் கிளிகளோடு அது பல நாடுகளுக்குப் பரவியது. 2005இல் இங்கிலாந்தின் தனிமைக் காப்பில் இருந்த பறவைகளிடம் பறவைக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. தனிமையில் வைத்திருந்ததால்தான் அது அங்கேயே பிடிபட்டது. ஏழைப் பெண்ணின் பத்துக் கோழிகளைக் காப்பதும் அந்தக் கெடுபிடிதான்.

ஒரு மாலை

இந்நிலையில் ஒருவர் வீடு தேடி வந்தார். பொருள்களை ஊருக்கு அனுப்பும் தொழில் அவருக்கு. "கவலையை விடுங்கள் பாய். மயக்க மருந்து கொடுத்து, காற்றுத் துளையிட்ட குழாயில் வைத்துச் சாமான்களோடு அனுப்பிவிடலாம். எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன்" என்றார். முறைப்படி செல்லும் பறவைக்கு விமான நிறுவனங்களின் விதிப்படி காற்றோட்டமுள்ள பெட்டி வேண்டும், அமரக் கட்டை வேண்டும், தண்ணீர்க் கிண்ணம் வேண்டும். இவரோ குழாயைப் பற்றிப் பேசினார்.

மருமகன் பதில் சொல்லுமுன் பேத்தி கேட்டாள்: "அது வழியில் மூச்சு முட்டிச் செத்துப்போனால்?"

வந்தவர் சிரித்தார். "வேறு வாங்கிக்கொள்ளலாம் பாப்பா" என்றார். அந்தச் சொல்லோடு பேச்சு முடிந்தது. மருமகன் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

அதே கட்டடத்தின் நான்காம் மாடியில் ஒரு திருச்சிக் குடும்பம். அவர்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு சாம்பல் கிளி இருந்தது. ஒரு மாதம் நாள்தோறும் மாலையில் பேத்தி தன் கிளியை அங்கே கொண்டுபோய், சிறிது சிறிதாகப் பழக்கினாள். இக்கிளிகள் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழும். பிரிவைத் தாங்காமல் தம் இறகைத் தாமே பிடுங்கிக்கொள்வதும் உண்டு. ஆகவே, திடீரென்று விட்டுவிடக் கூடாது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். கடைசி நாளன்று அவள் அழவில்லை. விமானத்தில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்ட பிறகுதான் அழுதாள்.

உங்களுக்கு ஒரு சொல்

வெளிநாட்டில் வாழும் உங்கள் பிள்ளைகள், 'பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பறவை வாங்கப் போகிறோம்' என்று சொன்னால், மூன்று கேள்விகள் கேளுங்கள். காலில் மூட்டில்லாத வளையம் உண்டா? அதே எண்ணோடு ரசீது உண்டா? ஊர் திரும்பும் நாளில் அதனை யார் வளர்ப்பார்? மூன்றாவதற்கு விடை இல்லையென்றால் வாங்க வேண்டாமென்று சொல்லுங்கள். வாங்கியாகிவிட்டதென்றால், பயணச்சீட்டு எடுக்குமுன், பல மாதங்கள் முன்னதாகவே, அங்குள்ள சுற்றுச்சூழல் அமைச்சகத்தையும் சென்னையிலுள்ள விலங்குத் தனிமைக் காப்பு நிலையத்தையும் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். இடைத்தரகரின் வாய்ச்சொல்லை நம்பவேண்டாம்.

ஊர் வந்து சில வாரங்கள் கழித்து, பேத்தியோடு கடைத்தெருவுக்குப் போனேன். மரத்தடியில் கிளி ஜோசியக்காரர் உட்கார்ந்திருந்தார். சிறகு வெட்டிய பச்சைக்கிளி கூண்டைவிட்டு வந்து, ஒரு சீட்டை அலகால் எடுத்துக் கொடுத்துவிட்டு மீண்டும் உள்ளே போயிற்று. பச்சைக்கிளியைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் நம் நாட்டுச் சட்டப்படி குற்றம் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பேத்தி சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"நன்னா, எல்லாருக்கும் சீட்டு எடுத்துக் கொடுக்கிறதே, இதற்கு ஒரு சீட்டு யார் கொடுப்பார்கள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால், உங்கள் வீட்டுக் கூண்டிலிருந்து தொடங்குங்கள்.