அம்மா போட்ட மதிப்பெண்

தொலைபேசிக் குரலின் தரத்தை அளக்கப் பொறியாளர்கள் கடைசியில் நம்பியது மனிதக் காதைத்தான். ஆட்களை அமைதியான அறையில் உட்காரவைத்து, பேச்சைக் கேட்கச் செய்து, மதிப்பெண் போடச் சொல்வார்கள். மிக நன்று என்றால் 5, மோசம் என்றால் 1. எல்லோருடைய எண்ணுக்கும் சராசரி எடுத்தால் அதுதான் தரம். அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.800 என்ற பரிந்துரை இம்முறையை வகுத்து வைத்திருக்கிறது. வாட்ஸ்அப் அழைப்பு முடிந்ததும் சில சமயம் ஐந்து நட்சத்திரங்கள் வந்து நிற்கின்றனவே, அவை இந்த முறையின் பேரப்பிள்ளைகள்.

என் அம்மா அந்த நட்சத்திரங்களைத் தொட்டதே இல்லை. அவர் மதிப்பெண் போட்டது அண்ணனுக்கு.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது அண்ணன் சிங்கப்பூரில் இருந்தார். நானும் அம்மாவும் குளுவாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். கடற்பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். அதைத் தாண்ட முடியாமல் ஒன்றரை ஆண்டுக்கு மேல் போயிற்று. இரவு ஒன்பது மணிக்கு வீடியோ அழைப்பு. எங்கள் வீட்டில் லைன் கிடைப்பது சமையலறை ஜன்னலோரம் மட்டும். படம் தெளிவாகவே தெரியும். பதில்தான் பிந்தி வரும்.

"சாப்டியாடா?"

மௌனம். பிறகு, "ம், சாப்ட்டேம்மா."

"இதுக்குக்கூட யோசிக்கிறான் பாரு" என்பார் அம்மா. "எப்படா வருவ?" என்று கேட்டாலும் அதே இடைவெளி. இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். "அவனுக்கு அங்கேயே இருந்துடணும்னு ஆசை வந்துடுச்சு" என்று முடிவே கட்டிவிட்டார்.

நேருக்கு நேர் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க சராசரியாக விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகிறது. அதைவிட நீண்டால் தயக்கம் என்று மனம் படித்துக்கொள்ளும். ஜி.114 என்ற இன்னொரு பரிந்துரை, ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் நல்லது, 400ஐத் தாண்டக்கூடாது என்கிறது. கேள்வி போய்ப் பதில் வர அது இரட்டிப்பாகும். தரவுத் துண்டுகள் சீராக வந்து சேராதபோது, கைப்பேசி அவற்றைக் கொஞ்சம் சேர்த்துவைத்துப் பிறகு ஒலிக்கவிடும். பேச்சு வெட்டுப்படாது, தாமதம் கூடும். வெட்டுப்பட்டால் லைனைத் திட்டுவோம். தாமதமானால் ஆளைச் சந்தேகிப்போம். 2014இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வும் இதையே கண்டது: தாமதமான இணைப்பில் பேசியவர்கள் எதிரில் இருப்பவருக்குக் கவனம் போதவில்லை என்று எடைபோட்டார்கள்.

அந்த ஆகஸ்டில் அரசாங்கம் ஜென்டேலா திட்டத்தை அறிவித்தது. கைப்பேசி இணைய வேகம் 25இலிருந்து 35 எம்பிபிஎஸ் ஆகும் என்றார்கள். வேண்டிய காரியம்தான். ஆனால் வேகம் என்பது குழாயின் அகலம். தண்ணீர் எத்தனை நேரத்தில் வந்து சேரும் என்பது வேறு கணக்கு. எங்கள் ஜன்னலோரத்தில் சோதித்தால் வேகம் நன்றாகவே காட்டும்.

"லைன்தாம்மா லேட்டு" என்றேன்.

"லைன பத்தி எனக்கென்ன தெரியும்? அவனப் பெத்தது நான்."

ஒருநாள் இணையத்தை விட்டுவிட்டு அண்ணனைச் சாதாரண அழைப்பில் கூப்பிடச் சொன்னேன். டாப்அப் சீக்கிரம் கரையும். முகம் தெரியாது, குரலும் தகரத்தில் தட்டியதுபோல இருந்தது. ஆனால் அம்மா கேட்டு முடிக்குமுன் பதில் வந்தது. "ஏம்மா, நான் வராம எங்க போவேன்?" அம்மா சிரித்தார். அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

அமைதியான அறையில் உட்கார்ந்து கேட்டவர்கள் அந்தக் குரலுக்கு 3க்கு மேல் போட்டிருக்க மாட்டார்கள். இன்று எங்களுக்குத் தெற்கே கூலாயில், செடெனாக் பக்கம், தரவு மையங்கள் வரிசையாக எழும்புகின்றன. மில்லி விநாடிக்கும் விலை வைக்கிற தொழில் அது. அந்த மில்லி விநாடிகளில் கொஞ்சம் தோட்டத்து ஜன்னல்களுக்கும் வந்து சேருகிறதா என்று யாராவது அளந்து பார்க்க வேண்டும். பாதி விநாடியில் ஒரு மகன் அந்நியனாகிவிட முடியும்.