குழிக்குள்ள இறங்குறவன் மட்டும்தான் நண்பனா?

“ஏல, நீயா இருந்தா அந்தக் குழிக்குள்ள இறங்கியிருப்பியால?”

2024 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை. திருநெல்வேலியில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படம் பார்த்துவிட்டு வெளியே வந்ததும், புளியங்குடிக்காரன் கேட்ட முதல் கேள்வி இதுதான். யாரும் அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “பின்ன! நண்பனுக்காக இறங்க மாட்டோமா?” என்று எல்லோரும் கோரஸ் பாடினார்கள். நானும்தான் பாடினேன். கழுகுமலைக்காரன் மட்டும் ஒன்றும் சொல்லாமல், பஸ் ஸ்டாண்ட் பக்கம் மெதுவாக நடக்க ஆரம்பித்தான். அவன் மெதுவாகத்தான் நடப்பான். வலது காலுக்குள் ஸ்டீல் பிளேட் இருக்கிறது.

அந்த பிளேட்டுக்கும் எனக்கும் சம்பந்தம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச என்னால் முடியாது.

நாங்கள் எட்டுப் பேர். மேலநீலிதநல்லூரில் காலேஜ், ஆளுக்கொரு ஊர். அதனால் எங்களுக்குள் பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கமே கிடையாது. புளியங்குடிக்காரன், ராஜபாளையத்தான், கழுகுமலைக்காரன், பனவடலியான்... இப்படித்தான். பனவடலிசத்திரத்துக்காரனுக்கு மட்டும் எக்ஸ்ட்ராவாக ஒரு பட்டப்பெயர் உண்டு. ‘தாத்தா’. பஸ் படிக்கட்டில் தொங்கினால் திட்டுவான். பைக்கில் மூணு பேர் ஏறினால் இறங்கி நடந்தே வருவான். வேறென்ன பேர் வைப்பது?

படத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் மஞ்ஞும்மலில் இருந்து ஒரு நண்பர் கூட்டம் 2006-ல் கொடைக்கானலுக்கு டூர் வருகிறது. குணா குகையில் தடுப்பைத் தாண்டி உள்ளே போகிறார்கள். சுபாஷ் என்கிற நண்பர் பாறை இடுக்கில் இருக்கும் ஆழமான குழிக்குள் விழுந்துவிடுகிறார். ‘குட்டன்’ என்று கூப்பிடப்படும் சிஜு டேவிட் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அவரை மீட்கிறார். அத்தனையும் நிஜத்தில் நடந்தது. சிஜுவுக்கு 2008-ல் ஜீவன் ரக்ஷா பதக் கொடுத்தார்கள். அதை வைத்து இயக்குநர் சிதம்பரம் எடுத்த படம் 2024 பிப்ரவரி 22-ல் ரிலீஸ் ஆனது.

நம்ம ஊரில் அந்தப் படத்துக்குக் கிடைத்த வரவேற்பு இருக்கிறதே... அப்பப்பா! டப்பிங்கூட இல்லாமல் வந்த மலையாளப் படம், தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடி ரூபாய்க்கு மேல் வசூல் செய்ததாகச் செய்தி வந்தது. 1991-ல் வந்த ‘குணா’ படத்தின் அந்தக் கடிதப் பாட்டு சரியான இடத்தில் ஒலித்தபோது தியேட்டரில் விசில் காதைக் கிழித்தது. எங்களுக்கு முன் வரிசையில் ஒரு மாமா தலையில் இருந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். ஊரெல்லாம் படத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடியபோது, எழுத்தாளர் ஜெயமோகன் மட்டும் கடுமையாகத் திட்டி எழுதினார். காட்டுக்குள் குடித்துவிட்டுக் கும்மாளம் போடுகிறவர்களைக் கொண்டாடுகிறீர்களா என்பது அவருடைய கோபம். கேரளாவில் அதற்குப் பலத்த எதிர்ப்பு கிளம்பியது. எங்கள் ஹாஸ்டலிலும் இரண்டு கட்சி பிரிந்து, சோற்றுத் தட்டோடு நின்று சண்டை போட்டார்கள்.

நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. எனக்கு வேறொரு பிரச்னை இருந்தது. குணா குகையில் அந்தப் பசங்கள் தடுப்பைத் தாண்டும் காட்சியில் மொத்த தியேட்டரும் கைதட்டியது. எங்கள் வரிசையில் ஒருத்தனும் கையை எடுக்கவில்லை. ஏனென்றால், அந்தக் காட்சியை நாங்கள் ஏற்கெனவே பார்த்திருந்தோம். பார்த்தது என்ன... நடித்தே இருந்தோம்!

2023 ஜூலை. குற்றாலத்தில் சாரல் என்று கேள்விப்பட்டதும் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே எட்டுப் பேரும் சங்கரன்கோவிலில் பஸ் ஏறிவிட்டோம். புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று வழியெல்லாம் பாட்டும் கூத்தும்தான். ஐந்தருவியில் ஆசைதீரக் குளித்தோம். அதோடு திரும்பியிருக்கலாம். ‘மேல ஒரு இடம் இருக்கு, கூட்டமே இருக்காது’ என்று யாரோ சொல்லிவிட்டார்கள். போனோம். வழியில் ஒரு கம்பித் தடுப்பு. ‘அனுமதி இல்லை’ என்று போர்டு. அதற்கு அந்தப் பக்கம் பாசி பிடித்த பாறை, கீழே தண்ணீர்.

தாத்தா அங்கேயே நின்றுவிட்டான். “வேண்டாம்ல. போர்டு சும்மா வெச்சிருக்க மாட்டாங்க. வாங்கல, திரும்பிருவோம்.”

கழுகுமலைக்காரனும் நின்றான். அவனுக்கும் தயக்கம் இருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. அப்போதுதான் நான் அந்த டயலாக்கை விட்டேன். “தாத்தா கூட உக்காந்து வெத்தலை இடிச்சுக் குடுல. நாங்க போயிட்டு வாரோம்!”

எல்லோரும் சிரித்தார்கள். கழுகுமலைக்காரனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே தடுப்பைத் தாண்டினான். பாறையில் நாலாவது அடி வைத்தபோது வழுக்கியது. பத்தடி கீழே இன்னொரு பாறையில் போய் விழுந்தான். தண்ணீருக்குள் விழவில்லை, அது அவன் ஆத்தா செய்த புண்ணியம். ஆனால் முழங்காலுக்குக் கீழே கால் இருந்த கோணத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் புரட்டியது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு நின்றேன். 108-க்கு அடிக்க வேண்டும் என்பதுகூடத் தோன்றவில்லை. தடுப்பைத் தாண்டவே மாட்டேன் என்று நின்ற தாத்தாதான் தாண்டினான். உட்கார்ந்து, பாறையில் உரசி உரசிக் கீழே இறங்கினான். தன் துண்டைக் கிழித்துக் காலோடு ஒரு குச்சியை வைத்துக் கட்டினான். மேலே இருந்த எங்களைப் பார்த்து, “போனைப் போடுங்கல... எவனாவது ஒருத்தன் கீழ ஓடி ஆளைக் கூட்டிட்டு வாங்கல” என்று கத்தினான். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு உயிரே வந்தது.

கழுகுமலைக்காரன் போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயார் பண்ணிக்கொண்டிருந்தவன். 1,500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓட வேண்டும். அவன் ஐந்தே முக்கால் நிமிஷத்தில் ஓடுவான். தினமும் காலை நாலரைக்கு எழுந்து எங்கள் தூக்கத்தையும் கெடுத்துவிட்டுப் போவான். பிளேட் வைத்த பிறகு அந்த அலாரம் அடிக்கவே இல்லை. எங்கள் தூக்கம் கெடவில்லை. ஆனாலும் நாலரைக்கு எனக்குத் தானாக முழிப்பு வந்துவிடும்.

இப்படி ஒரு கணக்கு பாக்கி இருக்கிறவன்தான், தியேட்டர் வாசலில் ‘இறங்க மாட்டோமா’ என்று கோரஸ் பாடினேன். எப்படி இருக்கிறது!

மே மாதம் படம் ஓ.டி.டி.யில் வந்தது. லீவில் வீட்டில் இருந்தேன். அம்மாவும் அத்தை மகளும் கூட உட்கார்ந்து தமிழ் டப்பிங்கில் பார்த்தார்கள். குட்டன் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கும்போது, நான் எதிர்பார்த்த மாதிரியே அம்மா அழுதார்கள். முடிந்ததும் முந்தானையில் மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டார்கள்:

“ஏய்யா, அந்தக் கம்பியைத் தாண்டுறப்பவே எவனாவது ஒருத்தன் கையைப் பிடிச்சு இழுத்திருக்கக் கூடாதா? இவ்வளவு பாடு எதுக்கு?”

அத்தை மகளின் ரியாக்‌ஷன் வேறு. “உங்களுக்காவது விழுறதுக்கு ஒரு டூர் இருக்கு. நாங்க ஒரு நாள் குற்றாலம் போறதுக்கே வீட்ல மூணு நாள் பேச்சுவார்த்தை நடத்தணும். இந்தப் படத்தை மட்டும் எங்கப்பா பார்த்தாரு... அம்புட்டுதான். இன்னும் மூணு வருஷத்துக்கு எங்கயும் போக முடியாது!”

சிரித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது நிஜம். நாங்கள் தாண்டும் தடுப்புக்கு, வீட்டை விட்டு வெளியே போகவே முடியாதவர்களும் சேர்ந்து விலை கொடுக்கிறார்கள்.

அதே மாதம் 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்தது. மலை மேல் பெய்த மழை. கண் மூடித் திறப்பதற்குள் அருவி நிறம் மாறிவிட்டது. 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார். அந்தப் பையன் எந்தத் தடுப்பையும் தாண்டவில்லை. எல்லோரும் குளிக்கிற இடத்தில்தான் குளித்தார். ஒழுங்காக இருந்தவர்களையே மலையும் தண்ணீரும் சொல்லாமல் கொள்ளாமல் கொண்டுபோகும்போது, போர்டு வைத்துச் சொன்ன பிறகும் போன எங்களை என்னவென்று சொல்வது? அன்று ராத்திரி அந்த வீடியோ எங்கள் வாட்ஸ்-அப் குரூப்பில் வந்து விழுந்தது. ஒருத்தனும் ஒரு ஸ்மைலிகூடப் போடவில்லை.

இன்னொரு செய்தியும் ஞாபகம் வந்தது. படம் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் குணா குகையைப் பார்க்கக் கூட்டம் குவிந்தது. அதில் சில இளைஞர்கள் தடை செய்யப்பட்ட பகுதிக்குள் இறங்கி, வனத்துறையிடம் மாட்டிக் கைதானார்கள். ரெண்டேகால் மணி நேரப் படத்தில் ஒருத்தன் குழிக்குள் கிடந்து துடிப்பதைப் பார்த்துவிட்டு, அதே தடுப்பைத் தாண்டியிருக்கிறார்கள்! முட்டாள்கள் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் எனக்குக் காரணம் புரிகிறது. படம் பார்க்கிற நாம் எல்லோரும் நம்மைக் குட்டனாக நினைத்துக்கொள்கிறோம். விழுந்தால் இறங்க ஆள் இருக்கிறது என்கிற தைரியத்தோடு வெளியே வருகிறோம். ‘வேண்டாம்ல’ என்று சொல்கிறவனாக யாரும் தன்னை நினைத்துப் பார்ப்பதில்லை. அவனுக்கு யார் விசில் அடிப்பார்கள்? அவனுக்கு நாம் ‘தாத்தா’ என்று பேர் வைத்துவிடுகிறோம்.

காலேஜ் திறந்ததும் ஒரு சாயங்காலம் கழுகுமலைக்காரனைத் தேடி கிரவுண்டுக்குப் போனேன். ஜூனியர் பசங்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். இவன் ஓரமாக நின்று போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து நேரம் குறித்துக்கொண்டிருந்தான். “தம்பி, கடைசி ரவுண்டுல தோளை இறுக்காத!” என்று கத்தினான். பத்து மாதமாகத் தொண்டைக்குள் வைத்திருந்ததைக் கக்கினேன்.

“மாப்ள... அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுல. மன்னிச்சிரு.”

அவன் ஸ்டாப்வாட்சில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீ சொன்னேன்னா தாண்டுனேன்? எனக்கும் உள்ளுக்குள்ள ஆசை இருந்துச்சுல.”

அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா ரொம்ப நேரம் நீடிக்கவில்லை.

“ஆனா, நீ அன்னைக்குச் சிரிக்காம இருந்திருந்தா நான் திரும்பியிருப்பேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. ஓடுகிற பையனின் நேரத்தைச் சொல்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னான். ‘பரவாயில்லை’ என்று அவன் சொல்வான் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவன் சொல்லவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவனுக்கு இல்லை. ஓடி முடித்த பையன் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்தான். “ஆறு பத்து. நாளைக்கு ஆறு நிமிஷத்துக்குள்ள வரணும்” என்றான் அவனிடம்.

அந்த வருஷ சீசனுக்கும் குற்றாலம் போனோம். அதே எட்டுப் பேர். மேலே போகும் பாதையில் கொஞ்ச தூரத்தில் வேறு ஒரு செட் பசங்கள் கயிற்றைத் தாண்டி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ராஜபாளையத்தான் அந்தப் பக்கம் இரண்டு அடி வைத்தான். “வேண்டாம்ல” என்றான் தாத்தா.

யாரும் சிரிக்கவில்லை. ராஜபாளையத்தான் திரும்பி வந்தான். படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து, வாங்கி வந்திருந்த ரம்புட்டானை உரிக்க ஆரம்பித்தோம். கழுகுமலைக்காரன் காலை நீட்டி உட்கார இடம் வேண்டும் என்பதால், தாத்தா ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்தான்.