அழைப்பிதழில் ஒரு பெயர்

மதுரையில் நடைபெறவிருந்த திருமணத்தின் அழைப்பிதழ் மாதிரி, தில்லியில் வாழும் உறவினர் ஒருவரின் கைபேசிக்கு வந்தது. எட்டாம் வகுப்பில் தமிழ் பயிலும் அவர் மகள் அதனை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

'திருவளர்ச்செல்வி' என்றிருந்தது. 'வளர்செல்வி' வினைத்தொகை, ஆதலின் வல்லினம் மிகாது. 'திருவளர்செல்வி' என்பதே சரி. அச்சகத்தார் பலர் இவ்வொற்றை விடுவதேயில்லை!

மறைந்த மாமாவின் பெயர் 'தெய்வத்திரு' என்னும் அடைமொழியுடன் இருந்தது. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதன்கீழ் மணமகளுடைய சிற்றப்பாவின் பெயர் இருந்தது. துணி தைத்து மகளைப் படிக்கவைத்த அத்தையின் பெயரோ எங்கும் இல்லை. கணவரை இழந்தவர் பெயரை மங்கல இதழில் தவிர்ப்பது சில குடும்பங்களில் இன்றும் வழக்கம்.

"அத்தைதானே அப்பா, எல்லாரையும் அழைக்க வேண்டும்?" என்று மகள் வினவினாள்.

தந்தை நெடுநேரம் பேசவில்லை. மாதிரியைப் பார்த்து, 'நன்றாக இருக்கிறது' என்று முன்பே விடை அனுப்பியவர் அவர். பின்னர்த் தங்கையைத் தொலைபேசியில் அழைத்தார்.

"ஊரார் என்ன சொல்வார்களோ, அண்ணா?"

"பெற்றவள் நீ அம்மா. உன் பெயரால்தான் அழைக்க வேண்டும்."

பத்து நாள் கழித்து, மூலைகளில் மஞ்சள் தடவிய அழைப்பிதழ் அஞ்சலில் வந்தது. அழைப்போர் வரிசையில் அத்தையின் பெயரே முதலில் இருந்தது. 'ச்' மட்டும் நீங்கவில்லை.