சாமியில்லாத கோயில்கள்

எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலுக்குள் என் அப்பா கடைசிவரை கால் வைத்ததில்லை. தேர் நாளில் தெருமுனையில் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். அந்த மனுஷனுடைய மகன் நான், இங்கிலாந்தில் ஒரே பகலில் ஏழெட்டுக் கோயில்களுக்குள் போய்விட்டு வந்தேன். சீட்டு வாங்கினால் போதும், யாரும் போகலாம். எதிலும் சாமிதான் இல்லை.

அங்கே நர்ஸாக இருக்கிற மகள், பக்கிங்காம் ஊருக்குப் பக்கத்திலுள்ள ஸ்டோவ் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். 18ஆம் நூற்றாண்டில் கோபாம் பிரபுவும் அவர் வாரிசுகளும் அழகு பண்ணிய இடம். குடும்பப் பெயரே டெம்பிள். கோயில் என்று அர்த்தம். பேருக்கேற்றபடி கோயில் கோயிலாகக் கட்டித் தள்ளியிருக்கிறார்கள். கும்பிட இல்லை, பார்க்க. கட்டும்போதே இடிந்த கோலத்தில் கட்டிய கோயில்கூட ஒன்று இருந்திருக்கிறது. இந்த மாதிரிக் கட்டிடங்களை ஃபாலி என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குக் கிறுக்குத்தனம் என்று பொருள்.

“இடிஞ்சதையேவாப்பா கட்டுவாங்க?” என்று மகள் சிரித்தாள். சாய்ந்த மண்சுவரை நிமிர்த்தக் காசில்லாமல் மூணு மழைக்காலம் தள்ளியவன் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புல்வெளியில் நடந்துபோனால் திடீரென்று காலடியில் பள்ளம். பள்ளத்துக்குள் தோட்டத்துப் பக்கமாக ஒரு சுவர். மேய்கிற ஆடுமாடு உள்ளே வராது. மாளிகையிலிருந்து பார்த்தால் சுவரே தெரியாது, புல் ஒரே விரிப்பாகத் தெரியும். இதற்கு ஹாஹா என்று பெயர். நம்ம பக்கம் சுவரைத் தெரியும்படித்தான் கட்டுவான். உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய சுவர், 2008இல் ஒரு பகுதியை இடிக்கும்வரை கண்ணெதிரே நின்றது. சுவர் வேண்டும், ஆனால் கண்ணில் படக்கூடாது என்பது அவர்கள் ரசனை.

கண்ணில் படக்கூடாதது சுவர் மட்டுமில்லை. அங்கே ஸ்டோவ் என்று ஒரு கிராமமே இருந்தது. தோட்டம் விரிய விரிய வீடுகள் போயின. சனங்கள் டாட்ஃபோர்டு என்ற பக்கத்து ஊருக்குப் போனார்கள். மிஞ்சியது அவர்களுடைய பழைய மாதாகோயில் மட்டும். அதையும் மரங்களுக்குள் மறைத்துவிட்டார்கள். சாமி இருந்த ஒரே கோயிலை ஒளித்துவைத்துவிட்டு, சாமியில்லாத கோயில்களை மேட்டில் நிறுத்தினார்கள். அதில் ஒன்று, முன்னோர்களின் சுதந்திரத்துக்காக 1741இல் எழுப்பத் தொடங்கியது. யாருடைய முன்னோர்கள் என்று கேட்க அந்த ஊரில் ஆள் இல்லை.

கடைசியாக ‘இணக்கமும் வெற்றியும்’ என்ற பெரிய கோயிலுக்குப் போனோம். 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரில் ஜெயித்ததற்காக வைத்த பெயர். முகப்பில், உலகத்தின் நாலு திக்கும் தத்தம் விளைபொருளைக் கொண்டுவந்து பிரிட்டன் தேவியிடம் கொடுக்கிற சிற்பம். உள்ளே சுவரில் வட்ட வட்டமாக வெற்றிப் பதக்கங்கள். ஒன்றில் எழுதியிருந்ததை மகள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“அப்பா, நம்ம பாண்டிச்சேரிப்பா!”

1761 ஜனவரியில் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்து, நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அந்தக் காலத்துச் சென்னைப் படையில் சிப்பாயாகவும் சுமைகூலியாகவும் நம் சனங்களும் இருந்தார்கள். இடித்தவர்களுக்குள்ளும் நாம் இருந்திருப்போம், இடிபட்ட வீட்டுக்குள்ளும் இருந்திருப்போம். பதக்கத்தில் நாம் இல்லை.

கிறுக்குத்தனம் என்கிறார்களே, அது சரியில்லை என்று எனக்குப் பட்டது. கிறுக்கனுக்கு எதை மறைக்க வேண்டும், எதைக் காட்ட வேண்டும் என்று இவ்வளவு துல்லியமாகத் தெரியாது.

திரும்பும்போது மரங்களுக்குள் நுழைந்து அந்த மாதாகோயிலைப் பார்த்தோம். சுற்றிலும் கல்லறைகள். “எவ்ளோ அழகா இருக்குல்லப்பா” என்றாள் மகள். அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அப்பா வந்திருந்தால் கோயிலைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டிருப்பார்: “கல்லற இருக்கு, ஊர எங்கடா?”